ஓடாத கப்பலும் காலாவதியான வவுச்சரும்

அந்த வவுச்சரின் படம் இப்போதும் என் கைத்தொலைபேசியில் இருக்கிறது. தடித்த தாள், மேலே ஒரு கப்பலின் படம், நடுவில் பேனையால் எழுதிய அம்மாவின் பெயரும் என் பெயரும். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 2025 ஜனவரி 31 வரை மட்டும் செல்லுபடியாகும்.

வானிலையால் நின்றிருந்த காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பல் சேவை மீண்டும் தொடங்கியது 2025 பெப்ரவரி 22 அன்று. கப்பல் ஓடத் தொடங்குவதற்கு 22 நாட்களுக்கு முன்னரே எங்கள் வவுச்சர் காலாவதியாகிவிட்டது. அது செல்லுபடியாக இருந்த நாட்களில் ஏறுவதற்குக் கப்பல் இல்லை. கப்பல் வந்தபோது ஏறுவதற்கு வவுச்சர் இல்லை.

அம்மாவின் அக்கா, என்னுடைய பெரியம்மா, மன்னாரில் வாழ்க்கைப்பட்டவர். 1990இல் போர் மீண்டும் தொடங்கியபோது மூன்று பிள்ளைகளோடு இரவோடிரவாகப் படகேறி இராமேஸ்வரம் போனார். நான் அப்போது கைக்குழந்தை. பெரியம்மாவின் குடும்பம் இன்றுவரை திருச்சிக்கு அருகே ஒரு மறுவாழ்வு முகாமில் இருக்கிறது. 2024 நவம்பரில் அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை என்று செய்தி வந்தது. "ஒருக்கா அக்காவைப் பாத்திட்டு வந்திடோணும்" என்றார் அம்மா. கனடாவிலிருக்கும் தம்பி காசு அனுப்பினான். யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு முகவரிடம் இரண்டு பேருக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தேன். புறப்படவிருந்தது நவம்பர் கடைசி வாரம்.

பயணம் ரத்து என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. முகவரின் கடைக்குப் போனேன். "தங்கச்சி, கடல் கொந்தளிச்சால் நாங்கள் என்ன செய்யிறது? காசு எங்கையும் போகாது. இந்த வவுச்சரை வையுங்கோ, கப்பல் விட்டவுடன முதல் ஆளாய் உங்களைத்தான் ஏத்துவன்" என்றார். நம்பி வாங்கி, அவர் நீட்டிய கொப்பியில் கையெழுத்தும் வைத்தேன். ஊடகக் கற்கை படித்தவள், நாலு பேருக்கு எழுதிச் சொல்கிறவள், அடியிலிருந்த அந்தச் சின்ன வரியை வீட்டுக்கு வந்த பிறகுதான் வாசித்தேன்.

இந்தக் கட்டுரை அந்த முகவரைப் பற்றியதல்ல. என்னைப் போல அவசரத்தில் கையெழுத்து வைப்பவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் உறவுகள் உள்ள குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளம். கப்பல் ரத்தானால் என்ன கேட்கலாம், எதை வாங்கக்கூடாது, வாங்கியிருந்தால் என்ன செய்யலாம் என்பதைப் பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கடலின் பழக்கம்

முதலில் இந்தக் கடல்வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். தலைமன்னாருக்கும் இந்தியக் கரைக்கும் இடையே ஒரு காலத்தில் ரயிலோடு இணைந்த கப்பல் சேவை இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் போரோடு நின்றது. போர் முடிந்தபின் 2011 ஜூனில் கொழும்பு – தூத்துக்குடி கப்பல் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் அதுவும் நின்றது.

காங்கேசன்துறை – நாகப்பட்டினம் சேவை 2023 ஒக்டோபர் 14 அன்று ஆரம்பித்து வைக்கப்பட்டது. சில நாட்களிலேயே மழைக்காலம் வந்து நின்றது. 2024 ஓகஸ்ட் 16 அன்று மீண்டும் தொடங்கியபோது கப்பலும் வேறு, நடத்துபவரும் வேறு. அந்த நவம்பரில் வானிலையால் மறுபடி நின்று, பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது.

இதில் யாருடைய குற்றத்தையும் நான் தேடவில்லை. ஏறக்குறைய 110 கிலோமீற்றர் தூரத்தை நாலு மணித்தியாலம் அளவில் கடக்கும் சிறிய கப்பல் அது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அதை ஓட்டாமல் விடுவதுதான் பொறுப்பான செயல். ஆனால் பயணிக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை இந்த வழியில் ரத்து என்பது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. நின்றால் எப்போது தொடங்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தொடங்கும்போது அதே நிறுவனம்தான் நடத்தும் என்ற நிச்சயமும் இல்லை. 2011 ஜூலையில் தூத்துக்குடிக் கப்பலுக்கு ஒருவர் ஓராண்டு வவுச்சர் வாங்கியிருந்தால், ஐந்தாம் மாதம் அது வெறும் தாள்.

மூன்றும் ஒன்றல்ல

கப்பல் ரத்தானால் பொதுவாக மூன்றில் ஒன்று நடக்கும். ஒன்று, வேறு திகதிக்கு மாற்றித் தருவது. இரண்டு, வவுச்சர். மூன்று, காசைத் திருப்பித் தருவது. மூன்றும் ஒன்றுதான் என்பதுபோலப் பேசுவார்கள். ஒன்றல்ல.

காசு உங்கள் கைக்கு வந்தால் அதை வைத்து என்னவும் செய்யலாம். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் எடுக்கலாம். பயணத்தையே விட்டுவிட்டு மருத்துவச் செலவுக்கு அனுப்பலாம். வவுச்சர் அப்படியல்ல. உங்கள் காசு அவர்களிடமே இருக்கிறது, உங்களிடம் இருப்பது ஒரு வாக்குறுதி மட்டும். கப்பல் ஓட வேண்டும், இடம் இருக்க வேண்டும், உங்கள் விசா செல்லுபடியாக இருக்க வேண்டும், லீவு கிடைக்க வேண்டும், அந்தக் கடையும் திறந்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே காலத்தில் பொருந்தினால்தான் அந்த வாக்குறுதி நிறைவேறும்.

உல்லாசப் பயணம் போகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. இந்த மாதம் இல்லாவிட்டால் அடுத்த வருடம். எங்கள் பயணங்கள் அப்படிப்பட்டவை அல்ல. சத்திரசிகிச்சை, செத்தவீடு, முகாமில் நடக்கும் ஒரு கல்யாணம், கண்பார்வை மங்குமுன் ஒரு தடவை முகம் பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் நாள் இருக்கிறது. ஆகவே காரணம் காத்திருக்கக் கூடியதா என்று முதலில் உங்களையே கேளுங்கள். காத்திருக்காது என்றால் காசைக் கேளுங்கள்.

ரத்துச் செய்தது யார்?

சட்டப்படி பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. நீங்களாகப் பயணத்தைக் கைவிட்டால் டிக்கெட்டிலுள்ள நிபந்தனையின்படி கழிவு பிடிப்பார்கள், அல்லது ஒன்றுமே தரமாட்டார்கள். கப்பலே ஓடாவிட்டால் கதை வேறு. நீங்கள் காசு கொடுத்தீர்கள், அதற்குரிய சேவை கிடைக்கவில்லை. ஆகவே முகவரோ அலுவலரோ "நீங்கள் கன்சல் பண்ணுறதாய் ஒரு கையெழுத்து வையுங்கோ" என்று ஒரு தாளை நீட்டினால் கையெழுத்து வைக்காதீர்கள். ரத்துச் செய்தது நீங்கள் அல்ல.

"வானிலை எங்கள் கையில் இல்லை" என்பது உண்மைதான். அது நட்டஈடு தராததற்கு நியாயமான காரணம். ஓடாத கப்பலுக்கு வாங்கிய காசை வைத்திருப்பதற்கு அது தானாகக் காரணமாகிவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டிலேயே இதைச் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது யாருடைய தவறுமின்றி இயலாமல் போனால் அது செல்லாததாகிறது என்கிறது 56ஆம் பிரிவு. அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் பெற்ற நன்மையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு.

ஒரு எச்சரிக்கை. வானிலையால் ரத்தானால் என்ன நடக்கும் என்று டிக்கெட்டின் நிபந்தனையிலேயே எழுதியிருந்தால் வாதம் அந்த வரியிலிருந்துதான் தொடங்கும். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கலாம். காசு கொடுக்குமுன் அந்தப் பகுதியைக் கேட்டு வாங்கி, கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

ஐரோப்பாவில் எப்படி?

லண்டனிலும் பாரிஸிலும் உள்ள எங்கள் உறவுகள் டோவர் – கலே கப்பலில் அடிக்கடி போய்வருகிறார்கள். அங்கே இது பயணியின் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 இலக்க ஒழுங்குவிதியின்படி, கப்பல் ரத்தானால், அல்லது புறப்பட 90 நிமிடங்களுக்கு மேல் தாமதமானால், மாற்றுப் பயணமா காசா என்பதைத் தெரிவு செய்வது பயணி. காசு என்றால் ஏழு நாட்களுக்குள் தர வேண்டும். பயணி சம்மதித்தால் மட்டுமே வவுச்சர். மோசமான வானிலை என்றால் மேலதிக நட்டஈடு தரத் தேவையில்லை. ஆனால் டிக்கெட் காசைத் திருப்பும் கடமை அப்போதும் உண்டு. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னரும் அதே அடிப்படை விதிகளைத் தன் சட்டத்தில் வைத்திருக்கிறது.

கொரோனாக் காலத்தில் நிறுவனங்கள் எல்லாருக்கும் வவுச்சரையே நீட்டியபோது, ஐரோப்பிய ஆணைக்குழு 2020 மே 13 அன்று ஒரு பரிந்துரை வெளியிட்டது. வவுச்சர் குறைந்தது 12 மாதம் செல்லுபடியாக வேண்டும், பயன்படுத்தாமல் முடிந்தால் காசாகத் திருப்ப வேண்டும் என்றது.

காங்கேசன்துறையில் ஏறுகிறவருக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் நியாயமான வவுச்சர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல அளவுகோல். எங்களுடையது இரண்டு மாதம் சொச்சம்தான் செல்லுபடியானது. அதுவும் முழுக்க மழைக்காலத்தில்.

வவுச்சரை வாங்குமுன் கேட்க வேண்டியவை

சிலருக்கு வவுச்சரே வசதியாக இருக்கும். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை போய்வரும் வியாபாரிகள் அப்படித்தான். அவர்களும் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

முதலாவது, வவுச்சரைத் தருவது யார்? கப்பல் நிறுவனமா, முகவரா? முகவரின் வவுச்சரைக் கப்பல் நிறுவனத்திடம் கொண்டுபோனால் தங்களுக்குத் தெரியாது என்பார்கள்.

இரண்டாவது, காலம் எப்போதிலிருந்து தொடங்குகிறது? "வழங்கிய நாளிலிருந்து" என்று இருந்தால் கப்பல் நிற்கும் காலத்திலேயே அது கரைந்துபோகும். "சேவை மீண்டும் தொடங்கும் நாளிலிருந்து" என்று எழுதித் தரும்படி கேளுங்கள். எனக்கு இந்த ஒரு வரி மட்டும் இருந்திருந்தால் போதும்.

மூன்றாவது, அந்தத் திகதிக்குள் டிக்கெட் பதிவு செய்தால் போதுமா, பயணத்தையே முடித்துவிட வேண்டுமா?

நாலாவது, வவுச்சரின் பெறுமதி ஒரு பயணமா, ஒரு தொகையா? தொகை என்றால் இலங்கை ரூபாவிலா இந்திய ரூபாவிலா? கட்டணம் கூடினால் மிகுதியைக் கட்ட வேண்டுமா? குறைந்தால் மீதியைத் தருவார்களா?

ஐந்தாவது, வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா? அம்மாவுக்கு ஏலாமல் போனால் அண்ணன் போகலாமா?

ஆறாவது, காலம் முடியும்வரை கப்பல் ஓடாவிட்டால் காசு திரும்புமா? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் தராத இடத்தில் வவுச்சர் வாங்காதீர்கள்.

காசைத் திருப்பிக் கேட்பது எப்படி?

வாய்ப்பேச்சில் கேட்டால் வாய்ப்பேச்சில்தான் பதில் வரும். பற்றுச்சீட்டு, டிக்கெட், ரத்து என்று வந்த குறுஞ்செய்தி ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். எங்களிடம் இருந்தது கையால் எழுதிய ஒரு பற்றுச்சீட்டும் அந்த ஒற்றை வரி வாட்ஸ்அப் செய்தியும்தான். பிறகு உதவியது அவை இரண்டும்தான்.

கடன் அட்டை அல்லது வங்கி அட்டையால் கட்டியிருந்தால், விற்றவர் மறுக்கும் பட்சத்தில் அட்டை வழங்கிய வங்கியிடம் "சேவை கிடைக்கவில்லை" என்று முறையிடலாம். இதற்குக் காலவரையறை உண்டு. பெரும்பாலும் சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாட்கள். எங்கள் வீடுகளில் பல டிக்கெட்டுகளுக்குக் காசு கட்டுவது வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் அட்டைதான். அப்படியானால் முறையிட வேண்டியவர் அட்டைக்குரிய அந்தப் பிள்ளை. காசும் அந்த அட்டைக்கே திரும்பும். ரத்தான செய்தியை உடனே அவருக்கு அனுப்புங்கள். வவுச்சரை ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைத்த பிறகு இந்த வழி கடினமாகிவிடும்.

காசாகக் கட்டியவர்கள் கடிதம் எழுத வேண்டும். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"நீங்கள் நடத்தும் நிறுவனத்தில் இன்ன திகதி, இத்தனை ரூபா செலுத்தி, காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் செல்ல இரண்டு பயணச்சீட்டுகள் பெற்றேன். அந்தப் பயணம் நடைபெறவில்லை. அதை நான் ரத்துச் செய்யவில்லை. நீங்கள் தந்த வவுச்சர் செல்லுபடியான காலத்தில் ஒரு தடவையேனும் கப்பல் ஓடவில்லை. ஆகவே செலுத்திய தொகையை 14 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்கிறேன். மறுப்பதாயின் எந்த நிபந்தனையின்படி மறுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் அறியத் தரவும்."

பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிரதி ஒன்றை என்னிடமும் வைத்துக்கொண்டேன்.

பதில் வராவிட்டால் போகக்கூடிய இடங்கள் உண்டு. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மாதத்தை மறக்காதீர்கள். "கப்பல் விடட்டும், பாப்பம்" என்று காத்திருந்தால் அந்தக் காலமும் போய்விடும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுபெற்ற முகவர் என்றால் அங்கேயும் முறையிடலாம். டிக்கெட் எடுக்குமுன் முகவர் பதிவு பெற்றவரா என்று கேட்பது இன்னும் நல்லது. பிரதேசத்தின் மத்தியஸ்த சபையும் ஒரு வழி. அங்கே வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு பக்கத்தையும் இருத்திக் கதைப்பார்கள்.

தமிழ்நாட்டில் டிக்கெட் வாங்கிய உறவினர்களுக்கு இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உதவி இலக்கம் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து இலட்சம் இந்திய ரூபா வரை என்றால் கட்டணம் இல்லை.

பதினோராம் நாள்

பெப்ரவரி முதல் கிழமை முகவரிடம் நேரில் போனபோது "திகதி முடிஞ்சுது தங்கச்சி, இனி என்ர கையில ஒண்டுமில்லை" என்றார். அதற்குப் பிறகுதான் கடிதம் போட்டேன். மூன்று மாதம் முடிவதற்குள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுப்பேன் என்பதையும் கடைசி வரியாகச் சேர்த்திருந்தேன். பதினோராம் நாள் அவரே தொலைபேசி எடுத்தார். தன் சேவைக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிகுதியைத் தந்தார். அந்தக் கழிவுக்காகவும் சண்டை பிடித்திருக்கலாம். நான் பிடிக்கவில்லை. பெரியம்மாவின் குரல் தொலைபேசியில் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தது.

அந்தக் காசோடுதான் மார்ச்சில் அம்மாவும் நானும் காங்கேசன்துறையில் கப்பல் ஏறினோம். அம்மா வழிமுழுக்க யன்னலோரம் இருந்தார், கதைக்கவில்லை. முகாமில் பெரியம்மா ஊன்றுகோலோடு வாசலில் நின்றார். 34 வருடத்துக்குப் பிறகு அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்தார்கள். அன்றிரவு பெரியம்மா சத்திரசிகிச்சை நடந்த நாளைப் பற்றிச் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் அம்மாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாராம்.

வீடு திரும்பிய பிறகு அம்மா ஒன்று சொன்னார்: "அந்த நேரமே காசைத் தந்திருந்தால் நான் பிளேனிலயெண்டாலும் போயிருப்பன்."

காசு கடைசியில் வந்துவிட்டது. நவம்பர் வரவில்லை. ஆகவே அடுத்த தடவை கப்பல் ரத்தாகி யாராவது உங்களிடம் வவுச்சரை நீட்டினால், உடனே கையை நீட்டாதீர்கள். "முதலில் காசைத் தாருங்கோ" என்று கேளுங்கள். தரமுடியாது என்றால் "எழுத்தில் தாருங்கோ" என்று கேளுங்கள். அது சண்டையல்ல. உங்கள் காசைத்தான் கேட்கிறீர்கள்.